இடது வால்வு மூடவில்லை: ஹெர்மிஸ் கப்பலுக்கான மூன்றாம் பருவக் குறிப்பு

கடந்த சனிக்கிழமை காலை, பாசிக்குடாவுக்கு வெளியே ஆறு மீற்றர் ஆழத்தில், மணலுக்கு ஒரு முழம் மேலே அசையாமல் மிதந்தபடி, வாயு கசியும் பக்கத்தை நீருக்குள்ளேயே அடைக்கச் சுழியோடிகள் பழகும் வால்வுப் பயிற்சியை ஐந்து தடவை செய்தேன். ஐந்து தடவையும் வலது வால்வை மூடித் திறந்தேன்; இரு சிலிண்டர்களையும் பிரிக்க நடுவிலுள்ள ஐசொலேற்றர் வால்வையும் மூடித் திறந்தேன்; இடது வால்வை ஒரு தடவைகூட முழுமையாக மூட முடியவில்லை. முதுகில் இணைத்துக் கட்டும் இரட்டைச் சிலிண்டரோடு நான் முயலும் மூன்றாவது பருவம் இது. எனக்கு வயது 59.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் ஹெர்மிஸ் கப்பல். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் 307 பேரோடு மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அன்று கேட்ட வெடியோசையைப் பதினொரு வயதுச் சிறுவனாகக் கல்லடிக் கரையில் நின்று கேட்டதாக என் அப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். கப்பல் 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர் என்பதால், அங்கே போக வேண்டுமானால் ஏறும் வழியில் தங்கித் தங்கி வரும் அழுத்தக் குறைப்பு நிறுத்தங்களையும், ஹீலியம் சேர்ந்த கலப்பு வாயுவையும் முறையாகப் பயின்றிருக்க வேண்டும். ஒற்றைச் சிலிண்டரில் சாதாரணக் காற்றோடு அங்கே இறங்கித் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த ஆழத்தில் காற்றின் அடர்த்தி லீற்றருக்குச் சுமார் 8 கிராம் ஆகிவிடுகிறது, 6.2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பதே இன்றைய பரிந்துரை. அதற்கு மேல் போனால் மூச்சு விடுவதே உழைப்பாகி, கரியமிலவாயு உடலில் தேங்கத் தொடங்குகிறது. 18 விழுக்காடு ஒட்சிசனும் 45 விழுக்காடு ஹீலியமும் கலந்த வாயுவில் அதே ஆழத்தில் அடர்த்தி 5 கிராம் அளவில் நின்றுவிடும். முப்பது வயதில் உடல் பொறுத்துக்கொள்வதை ஐம்பத்தொன்பதில் அது பொறுத்துக்கொள்ளும் என்று நம்பி இறங்க நான் தயாராக இல்லை.

இனி வால்வுக்கு வருகிறேன். கையைத் தோளுக்கு மேலாகப் பின்னே கொண்டுபோய், கழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் குமிழைப் பிடித்து, உடலின் கிடைமட்டம் குலையாமல் திருப்ப வேண்டும். என் நடுவிரல் குமிழின் விளிம்பைத் தொடுகிறது. அந்த றப்பரின் வரிகளை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. ஆனால் பெருவிரல் மறுபக்கத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. ஒரே விரலால் தட்டித் தட்டிக் கால் சுற்றுத் திருப்பியதும் தோளுக்குள் சூடான கம்பியை நுழைத்தாற்போல் வலிக்கிறது. உடனே கை கீழே வருகிறது, கால்கள் தாழ்கின்றன, கால் துடுப்பு மணலைக் கிளறுகிறது.

தெரிந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். பட்டிகளைக் கீழிறக்கிச் சிலிண்டர்களை மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தினேன். குமிழ் கிட்டே வந்தது, ஆனால் தலையை நிமிர்த்தினால் பின்மண்டை இரு சிலிண்டர்களையும் இணைக்கும் மனிஃபோல்டில் இடித்தது, தலைப்பக்கம் பாரமாகி முகம் கீழே சரிந்தது. 5 மில்லிமீற்றர் உடையைக் கழற்றிவிட்டு 3 மில்லிமீற்றர் உடைக்கு மாறினேன். வலது பக்கம் இலகுவாயிற்று, இடது பக்கத்தில் வேறுபாடில்லை. வலது கையால் இடது முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினேன். வீட்டுச் சுவர்முன் நின்று செய்தபோது சரியாக வந்த அந்த உத்தி, நீருக்குள் இரு கைகளையும் ஒரே வேலையில் மாட்டிவிட்டது. எட்டு மாதங்களாகக் காலையும் மாலையும் துவாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுத்து வருகிறேன். வைத்தியர் இதை உறைந்த தோள் என்கிறார். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினருக்கு அதிகம் வருவது, இளகுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகக்கூடியது, வலியை மீறி இழுத்தால் இன்னும் இறுகும் என்று அவர் விளக்கிய பிறகுதான் அவசரத்தைக் கைவிட்டேன்.

இடது வால்வு இல்லாமல் சமாளிக்கலாம் என்று பயிற்றுநரோடு வாதாடியும் பார்த்தேன். என் மகனின் வயதுதான் அவருக்கு. இடது பக்கத்தில் வாயு பீறிட்டால் ஐசொலேற்றரை மூடினால் போதுமே என்றேன். “மூடினா ஒரு பாதி மிஞ்சும் ஐயா. அந்தப் பாதி உங்களுக்கா, உங்களோட வாறவருக்கா?” என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு 12 லீற்றர் சிலிண்டர்களில் 200 பார் அழுத்தத்தில் 4800 லீற்றர் வாயு இருக்கும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 18 லீற்றர் மூச்சு வாங்கும் நான், அழுத்தம் 6.3 மடங்காகும் 53 மீற்றரில் 113 லீற்றர் வாங்குவேன். போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்ற மூன்றிலொரு பங்கு விதிப்படி எனக்குக் கிடைப்பது 14 நிமிடம். அந்த நிமிடங்கள் முடியும் தறுவாயில் இடது பக்கம் போனால் எஞ்சுவது 1600 லீற்றர். என் துணைச் சுழியோடிக்கும் அதே வேளையில் வாயு தேவைப்பட்டால் இருவரும் வேறு சிலிண்டரிலுள்ள வாயுவுக்கு முதலில் மாறும் 21 மீற்றருக்கு ஏறி வருவதற்கே அதை நம்ப வேண்டும். இடையில் ஒரு சிறு தாமதத்துக்கும் இடமிருக்காது. பயிற்றுநர் நான் தேறியதாகக் கையொப்பமிட மறுத்தது சரி. அவர் இட்டிருந்தால்தான் நான் வேறு பயிற்றுநரைத் தேடியிருக்க வேண்டும்.

தோளைத் தவிர மற்றவற்றில் நிலைமை மோசமில்லை. உடற்பயிற்சியோடு கூடிய இதயப் பரிசோதனையில் தேறினேன். இரத்த அழுத்தம் மருந்தோடு கட்டுப்பாட்டில் இருக்கிறது; நீருக்குள் திடீரென்று நுரையீரலில் நீர்கோக்கும் நோய்க்கு வயதும் இரத்த அழுத்தமும் துணைபோகும் என்பதால் அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சுழியோட்டக் கணினியில், ஏறும்போது எவ்வளவு பாதுகாப்பாக நிறுத்த வேண்டும் என்று தீர்மானிக்கும் அளவை 40/85 இலிருந்து இன்னும் கவனமான 40/70 ஆக மாற்றியிருக்கிறேன். கடைசி நிறுத்தத்தில் கூடுதலாகத் தொங்க வேண்டியிருக்கிறது. அந்த நிமிடங்களை நான் மனமுவந்து கொடுக்கிறேன். கடினமான உண்மை வேறொன்று: புதிய செயல் வரிசை ஒன்றை மனதில் பதிக்க இருபத்தைந்து வயதுக்காரருக்குப் பத்துச் சுழியோட்டம் போதுமென்றால் எனக்கு முப்பது வேண்டியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வரிசையையும் வீட்டுத் திண்ணையில் உபகரணத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்த பிறகே கடலுக்குக் கொண்டுபோகிறேன்.

சனிக்கிழமைக்குப் பிறகு எடுத்த முடிவு: இரட்டைச் சிலிண்டரை விற்றுவிட்டு, சிலிண்டர்களை உடலின் இரு பக்கங்களிலும் தொங்கவிடும் சைட்மவுண்டுக்கு மாறுகிறேன். வால்வுகள் அக்குளுக்குக் கீழே, கண்ணுக்கு முன்னால் இருக்கும். 35 கிலோவுக்குக் குறையாத பாரத்தை முதுகில் சுமந்து படகில் ஏற வேண்டியதும் இல்லை. படகோட்டித் தம்பி சிலிண்டர்களை ஒவ்வொன்றாக நீரில் இறக்கித் தருவார். இரண்டும் தனித்தனி என்பதால் 30 பாருக்கு ஒரு தடவை வாயில் வைக்கும் றெகுலேற்றரை மாற்றி இரு பக்கத்தையும் சமமாக வைத்திருக்க வேண்டும். அது நினைவாற்றல் சார்ந்த வேலை, தோள் சார்ந்ததல்ல.

வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், இதில் இறங்குபவர்களுக்கு உதவும். போன ஆண்டே, ஒரு முன்யோசனையாக, வெளிநாட்டுக் கடையொன்றில் இடம், வலம் என்று ஒரு சோடி வால்வுகளுக்குச் சொல்லியிருந்தேன். வந்த பெட்டியில் இரண்டும் வலது வால்வுகள். திருப்பி அனுப்பி, சுங்கத்தில் மறுபடியும் காத்திருந்து, சரியான சோடி கைக்கு வர நான்கு மாதங்கள் ஆயின. பெட்டியைப் பிரித்ததும் குமிழ்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அங்கேயே சரிபாருங்கள். சிலிண்டர்களை உடலோடு சேர்த்துப் பிடிக்கும் இழுவைக் கயிற்றை மட்டும் வெளிநாட்டில் வாங்க வேண்டாம். வாழைச்சேனையில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கிடைத்த 6 மில்லிமீற்றர் கயிறே எனக்கு நன்றாக உழைக்கிறது.

நேற்று முதல் தடவையாக அலுமினியச் சிலிண்டர்கள் இரண்டோடு அதே ஆறு மீற்றரில் இறங்கினேன். இடது வால்வை நான்கு விநாடியில் மூடினேன், பெருவிரல் குமிழைச் சுற்றி வளைந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். நம்ப முடியாமல் மேலும் ஆறு தடவை மூடித் திறந்தேன். ஆனால் 80 பாருக்குக் கீழே போனதும் சிலிண்டர்களின் வால் மேலெழுந்து, வால்வுகள் மார்பை விட்டுக் கீழே தொங்கத் தொடங்கின. இடுப்பு வளையத்துக்குக் கொக்கியை மாற்றியபோது இடது பக்கம் அடங்கியது, வலது பக்கம் அடங்கவில்லை. வலது கயிறு நீளம் என்று நினைக்கிறேன். இன்று இரவு மூன்று சென்ரிமீற்றர் குறைத்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். காற்று தணிந்தால் சனிக்கிழமை மறுபடியும் ஆறு மீற்றர். அது அடங்கிய பிறகு, ஹெர்மிஸ் மூழ்கிய அதே நாளில் மூழ்கி, சுமார் 24 மீற்றரில் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலில் குறைந்தது இருபது சுழியோட்டங்கள். கொழும்பிலிருந்து ஹீலியம் கொண்டுவர இந்தப் பருவத்துக்குப் போட்டிருந்த முன்பதிவை இன்று காலை இரத்துச் செய்துவிட்டேன்.