சைகோன் புலித்தோலை பாண்டிக்கு கொண்டு வரலாமான்னு அலைஞ்ச கதை

எங்க தாத்தா பிரெஞ்சு ஆர்மியில சொல்தா, அதாவது சிப்பாய், இந்தோசீனாவுல (இப்ப வியட்நாம் இருக்கற பக்கம்) இருந்தவர். அங்கேர்ந்து கொண்டு வந்த ஒரு புலித்தோல், தலையோட பாடம் பண்ணது, பாரிஸ் பக்கத்துல சார்சேல்ங்கற ஊர்ல மாமா வீட்டு சுவத்துல தான் இத்தனை வருஷமா தொங்குச்சு. மாமா ரிடையர் ஆகி பாண்டியிலேயே செட்டில் ஆகலாம்னு முடிவு பண்ணப்போ முதல்ல கேட்டதே இதத்தான், "மாப்ள, மத்த சாமான் எப்படியோ போவட்டும், அப்பாவோட தோலை நான் சூட்கேஸ்ல மடிச்சி வச்சி எடுத்துனு வந்துடுறேன், ஏர்போர்ட்ல எதுனா கேப்பானா, விசாரிச்சு சொல்லு"ன்னாரு. சரின்னு இறங்குனேன்.

பிரான்ஸ் பக்கம் வழியே இல்லன்னு சொல்ல முடியாது. அழிஞ்சிட்டு வர்ற உயிரினங்கள நாடு விட்டு நாடு வியாபாரம் பண்றத கட்டுப்படுத்தற சைட்டிஸ் ஒப்பந்தத்துல, ரொம்ப கண்டிப்பான முதல் பட்டியல்ல புலி இருக்கு, ஆனா அந்த ஒப்பந்தம் அமலுக்கு வந்ததே 1975 ஜூலை 1ல தான். அதுக்கு முன்னாடியே சட்டப்படி கைக்கு வந்த பொருள்னு ஆதாரம் காட்டுனா அங்கேர்ந்து வெளிய கொண்டு போக ரீ-எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் கேட்டு அப்ளை பண்ணலாம். மாமா தாத்தாவோட மிலிட்டரி புக், பின்பக்கம் தேதி எழுதுன பழைய போட்டோ எல்லாத்தையும் தேடி எடுத்து வச்சிட்டாரு, அவருக்கு இதோட வேலை முடிஞ்சிதுன்னு நெனப்பு.

இல்ல. பலபேர் தடுக்கி விழற இடம் இதுதான், அந்த நாட்டுல வெளிய விட பேப்பர் கொடுத்துட்டான்னா நம்ம நாட்டுல உள்ள விட்டுடுவான்னு நினைக்கிறாங்க. நம்ம இறக்குமதி பாலிசியில வனவிலங்கும் அதோட உறுப்பு, அதுல செஞ்ச பொருளும் தடை பண்ண சரக்கு, நம்ம கூட கொண்டு வர்ற லக்கேஜ்ல வந்தாலும் அதே தான். நான் இங்க வனத்துறை ஆபீஸுக்கு நேர்ல போய் கேட்டேன், அங்க இருந்த அதிகாரி ரொம்ப பொறுமையா உக்கார வச்சி வெளக்குனாரு. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல புலி முதல் அட்டவணை, அந்த அட்டவணை விலங்கோட தோல், தலை சம்பந்தப்பட்ட குத்தம்னா 3 வருஷத்துக்கு குறையாம 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் தனி. நூறு வருஷம் பழசு, தாத்தா சொத்து, விக்கறதுக்கு இல்லன்னு எதை சொன்னாலும் கஸ்டம்ஸ்ல எடுபடாதுன்னு சொல்லிட்டாரு.

மாமா விடல. "வெள்ளைக்காரத் தெருவுல பழைய வீட்டுல எல்லாம் மான் தலை மாட்டி வச்சிருக்கானே, அவன மட்டும் ஏன் கேக்கல?" அதையும் கேட்டேன். அதெல்லாம் ஏற்கனவே இங்க இருந்த சாமான், முன்னாடியே கணக்கு கொடுத்து ஓனர்ஷிப் சர்டிபிகேட் வாங்கியிருக்கணும், கடைசியா 2003ல அப்படி கணக்கு காட்ட 180 நாள் டைம் கொடுத்தாங்க. வெளிநாட்டுலேர்ந்து புதுசா உள்ள வர்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அப்புறம் வீட்டு சாமானோட கன்டெய்னர்ல போட்டுடலாமான்னாரு, வெளிநாட்டுலேர்ந்து குடி மாறி வர்றவங்களுக்கு கொடுக்கற ட்ரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் சலுகை கஸ்டம்ஸ் வரிக்கு தான் மாமா, தடை பண்ண பொருளுக்கு இல்லன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் போன்ல பேச்சே இல்ல. எனக்கும் கஷ்டமா தான் இருந்துது, அந்த மனுஷன் அப்பா ஞாபகம்னு அது ஒன்னத்த தான் கேட்டாரு.

இதுல ஒரு நல்லது நடந்துச்சு. லிஸ்ட் மொத்தத்தையும் அனுப்புங்கன்னு வாங்கி பாத்தேன், அதுல தந்தப் பிடி போட்ட கைத்தடி ஒன்னு, பேக்கிங் ஆளு அதை "பழைய குச்சி"ன்னு மட்டும் எழுதியிருக்கான்! ஆப்பிரிக்க யானை தந்தமா இருந்தாலும் இங்க அதே சிக்கல் தான், உடனே எடுக்க சொல்லிட்டேன்.

தோலும் தடியும் இப்ப பிரான்ஸ்லயே இருக்கற அவர் பொண்ணு வீட்டுல. அங்க வச்சிருக்கறதுல பிரச்சனை இல்ல, விக்க மட்டும் தனி சர்டிபிகேட் வேணும், அதனால ஆன்லைன்ல போட்றாதீங்கன்னு பொண்ணுகிட்ட கண்டிப்பா சொல்லியாச்சு, அந்த மிலிட்டரி புக் காப்பியும் தோலோடவே இருக்கட்டும்னு கொடுத்துட்டாரு. உங்க வீட்டுலயும் ரீயூனியன் தீவுலயோ பாரிஸ்லயோ இப்படி கொம்பு, தோல், தந்தம் இருந்தா டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே இந்தியா பக்கம் தான் முதல்ல கேளுங்க, விலங்கு பேரு, போட்டோ, எந்த வருஷம் கைக்கு வந்துதுன்னு எழுதி ஈமெயில்லயே கேளுங்க, பதிலும் எழுத்துல வாங்கி வச்சிக்கோங்க.