திரையில் ஆடுவதெல்லாம் மூளை அலை அல்ல

மூளையின் மின் அலையைத் திரையில் காட்டி, வேண்டிய அலை வரும்போது மணி அடித்து நோயாளியைப் பழக்குவதுதான் நியூரோஃபீட்பேக். இதைக் கற்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது "எந்த புரோட்டோகால்?", அதாவது எந்த இடத்தில் எந்த அலையைப் பழக்குவது என்றுதான். பக்கவாதத்துக்கு எது, தலையில் அடிபட்டவருக்கு எது என்று ஓர் அட்டவணை கிடைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அதைக் கையில் கொடுக்கவே கூடாது. அந்த நாட்களில் பழக வேண்டியது இன்ச் டேப், பேஸ்ட், பஞ்சு.

மூளை அலையைப் பிடிக்கும் உலோகக் கப்பை (எலக்ட்ரோடு) எங்கே வைப்பது என்று அளக்க, மூக்குத்தண்டு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் மேடு வரை டேப்பைப் பிடியுங்கள். 36 செ.மீ. இருந்தால் 18இல் ஒரு குறி. பிறகு ஒரு காதின் முன்பள்ளத்திலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு. 34 என்றால் 17இல் குறி. இரண்டும் வெட்டும் இடம் சி-இசட் என்ற உச்சிப்புள்ளி. அங்கிருந்து இடது காதை நோக்கி 34இல் 20 சதவீதம், அதாவது 6.8 செ.மீ. இறங்கினால் சி-3. வலது கை விளங்காதவருக்குப் பெரும்பாலும் இந்த இடத்தைச் சுற்றித்தான் வேலை. 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட 10-20 முறை இது. கண்ணளவில் வைத்துவிடலாம் என்பவர் இன்னும் பயிற்சி முடிக்கவில்லை என்று அர்த்தம்.

நம் குமரி மாவட்டத்தில் அடுத்து நிற்பது தேங்காய் எண்ணெய். எண்ணெய்ப் படலத்தின் மேல் எவ்வளவு பேஸ்ட் அப்பினாலும் மின்தடை இறங்காது. நமக்கு வேண்டியது 5 கிலோ ஓமுக்குள். முந்தின நாள் ராத்திரி ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, காலையில் எண்ணெய் தொடாமல் வரச் சொல்லுங்கள். நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. தலையில் எண்ணெய் வைத்துவிடுவது வீட்டில் கவனித்துக்கொள்பவர். வகிடு பிரித்து, தோலைச் சுத்தமாக்கும் நியூபிரெப் ஜெல்லைப் பஞ்சில் தொட்டு மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மின்சாரம் கடத்தும் டென்-20 பேஸ்ட்டைப் பட்டாணி அளவு வைத்துக் கப்பை அமுக்குங்கள். அதிகமாக வைத்தால் பக்கத்துப் பேஸ்ட்டோடு ஒட்டி இரண்டு சேனலும் ஒரே அலையைக் காட்டும். ஈரத்தலையோடு வந்தாலும் இதே கோளாறு வரும். நெற்றியில் விபூதியோ சந்தனமோ இருந்தால் கேட்டுவிட்டுத் துடையுங்கள். தங்கக் கப்பையும் வெள்ளிக் கப்பையும் ஒரே தலையில் கலக்காதீர்கள். உலோகம் வேறானால் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும்.

பிறகு கற்க வந்தவர்கள் ஒருவர் தலையில் ஒருவர் மாட்டிப் பழகட்டும். பல்லைக் கடிக்க வேண்டும், கண் சிமிட்ட வேண்டும், எச்சில் விழுங்க வேண்டும். ஒவ்வொன்றும் திரையில் எப்படி விழுகிறது என்று வரைந்து வைத்துக்கொள்ளட்டும். தாடைத் தசையின் மின்சாரம் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தடிமனாகக் கொட்டும். அதை பீட்டா (மூளையின் வேகமான அலை) என்று நம்பி மணி அடிக்கவிட்டால், நோயாளி கற்றுக்கொள்வது பல்லைக் கடிக்கத்தான். "பாட்டா, வாயை லேசா திறந்து வச்சுக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாருங்கள். பீட்டா சட்டென்று சரிந்தால் அது மூளையிலிருந்து வந்ததல்ல.

புழுக்கத்தில் வியர்த்தால் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு அலைபாயும். ஃபேன் போடத்தான் வேண்டும், ஆனால் காற்று வயரில் படக்கூடாது; வயர் ஆடினால் அதுவும் ஒரு அலை. லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

அடிபட்ட மூளையைப் படிப்பது தனி வித்தை. பைக் விபத்துக்குப் பிறகு மண்டையோட்டில் ஒரு துண்டு எடுக்கப்பட்டவருக்கு, அந்த இடத்துக்கு மேலே அலை உயரமாகத் தெரியும். எலும்பு இல்லாததால் சிக்னல் தடையின்றி வருகிறது, அவ்வளவே. புதியவர்கள் இதை மிகைச் செயல்பாடு என்று எழுதி, குறைக்கப் பயிற்சி கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மாத்திரைச் சீட்டையும் முதலில் வாங்கிப் பாருங்கள்: குளோபாசம் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் பீட்டாவை ஏற்றும். இடது பக்கப் பார்வை போனவருக்குத் திரையின் இடது ஓரத்தில் அலையின் அளவைக் காட்டும் பட்டையை வைத்தால் அவர் எதைப் பார்த்துக் கற்பார்? ஒலிக்கு மாற்றுங்கள்.

12–15 ஹெர்ட்ஸ் பயிற்சியில் 60–70 சதவீத நேரம் மணி அடிக்கும்படி எல்லையை வையுங்கள். 3 நிமிடம், ஓய்வு, மறுபடி 3 நிமிடம். களைப்பு தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு இதற்கு வரச் சொல்லாதீர்கள். இது அவற்றுக்குத் துணை.

தலையின் மேல் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் ஒளி சிகிச்சையும் கற்பதென்றால், கணக்குத் தெரிய வேண்டும். 810 நானோமீட்டர் எல்.இ.டி. தோலின் மேல் சதுர செ.மீ.க்கு 50 மில்லிவாட் தந்தால், 600 விநாடியில் 30 ஜூல். தலைத்தோலையும் எலும்பையும் கடந்து மூளையை எட்டுவது இதில் சொற்பம். அடர்ந்த முடி அதையும் குறைக்கும். கூட்டினால் கூடுதல் பலன் என்றும் இல்லை, ஓர் அளவுக்கு மேல் விளைவு தேய்கிறது. பக்கவாதம் வந்து 24 மணி நேரத்துக்குள் லேசர் கொடுத்துப் பார்த்த நெஸ்ட்-3 ஆய்வு, பலன் தெரியாததால் பாதியில் நிறுத்தப்பட்டது. குடும்பத்தாரிடம் இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். எலும்பு இல்லாத இடத்தின் மேல் எல்.இ.டி. பதித்த ஹெல்மெட்டை வைக்க நரம்பியல் அறுவை மருத்துவரின் சம்மதம் இல்லாமல் முடியாது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கண் தானாக மூடாது. ஆகவே லேசர் என்றால் நோயாளிக்கும் உங்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கண் முன் மின்னி மின்னி ஒளிரும் கருவிகள் வேறு வகை. வலிப்பு வந்தவருக்கு அவற்றைத் தொடவே வேண்டாம். 15–25 ஹெர்ட்ஸ் மின்னல் வலிப்பைத் தூண்டக்கூடியது. தலைக்காயம் பட்ட எவருக்கும் எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம் என்பதால், ஒருவரைப் படுக்க வைத்து ஒத்திகை பாருங்கள்: கருவியை அணைத்து, வயரைக் கழற்றி, ஒருக்களித்துத் திருப்பி, வாயில் எதையும் திணிக்காமல் கடிகாரத்தைப் பார்த்து, 5 நிமிடம் தாண்டினால் 108.