பழைய காரின் சத்தங்களைப் பிடிக்கும் வேலை: இதுவரை பார்த்தது

வண்டி ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஓட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் இது போடும் சத்தங்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் கொஞ்ச காலமாக என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. டேஷ்போர்டு பெட்டிக்குள் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ‘கொர்ர்’, ‘கீச்’ என்றெல்லாம் எழுதுவதில்லை. ஒரே ‘கொர்ர்’ டயரிலிருந்தும் வரும், பேரிங்கிலிருந்தும் வரும். நான் குறிப்பது ஒன்றுதான்: என்ன செய்தால் அந்தச் சத்தம் மாறுகிறது? வேகம் கூட்டினாலா, ஸ்டீயரிங்கை ஒடித்தாலா, பிரேக் மிதித்தாலா, ஏசி போட்டாலா, இன்ஜின் சூடேறிய பிறகா?

முதல் சோதனை எல்லாச் சத்தத்துக்கும் பொது. பின்னால் வண்டி வராத நேர் ரோட்டில், 60 கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சை முழுக்க மிதித்து ஆக்சிலரேட்டரை விட வேண்டும். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிவிடும், வண்டி அதே வேகத்தில் உருளும். சத்தமும் சேர்ந்து இறங்கினால் இன்ஜின், பெல்ட், சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். அப்படியே தொடர்ந்தால் டயர், வீல் பேரிங், ஆக்சில் பக்கம். இந்த ஒரு சோதனையிலேயே பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து கழித்துவிடலாம்.

எனக்கு அதிக நாள் தண்ணி காட்டியது ஒரு முனகல். 45-ல் தொடங்கி, 70-ல் பேச்சை அமுக்கும் அளவுக்கு வந்துவிடும். கிளட்ச் மிதித்தாலும் நிற்காது. ஆக, சக்கரம் சம்பந்தப்பட்டது. தெரு முக்கு மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “டயருங்க. தேய்ஞ்சு மேடு பள்ளமாயிருக்கு, அதான் கத்துது” என்றார். நியாயமான சந்தேகம்தான். டயர் சத்தமாக இருந்தால் தரை மாறும்போது மாற வேண்டும். புதுத் தார் ரோட்டிலும் கான்கிரீட் ரோட்டிலும் ஓட்டிப் பார்த்தேன், மாறவில்லை. முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டேன். டயராக இருந்தால் சத்தமும் கூடவே இடம் மாறியிருக்கும். இது இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து வளைத்துப் பார்த்தது. காலியான அகல ரோட்டில் லேசாக இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் எடை வலது சக்கரத்தின் மேல் சாயும். அப்போது முனகல் கூடியது. வலது பக்கம் ஒடித்தால் குறைந்தது. எடை ஏறும்போது கத்துகிற பேரிங்தான் போன பேரிங். எனவே வலது பக்கம்.

முன்னாலா பின்னாலா என்பதில்தான் குழப்பம். பின் சீட்டில் உட்கார்ந்து வந்த மகள், “அப்பா, என் காலுக்குக் கீழதான் கேக்குது” என்று அடித்துச் சொன்னாள். அவள் காதைக் குறை சொல்ல முடியாது. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். இரும்பில் 5,000 மீட்டருக்கும் மேல். முன் சக்கரத்தில் பிறக்கிற அதிர்வு பாடித் தகடு வழியாக எங்கே வேண்டுமானாலும் போய், அங்கே இருக்கிற பெரிய தகட்டை அதிர வைக்கும். அதனால் வண்டிக்குள் உட்கார்ந்து காதை மட்டும் நம்பி இடத்தைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

வீட்டில் முதலில் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்கு அடைக்கல் வைத்தேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் கையைக்கூட விடக் கூடாது, இதில் சமரசமே கிடையாது. கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் ஸ்பிரிங் சும்மா இருந்தது. வலது பக்கம் விரல் நுனிகளில் நறநறவென்று ஒரு அதிர்வு, ஈர மணலை அரைப்பது போல. சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஆட்டமே இல்லை. ஆட்டம் இல்லாததால் பேரிங் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. பேரிங்குக்குள் குண்டுகள் உருளும் ஓடுபாதை பொரிந்து போனாலே சத்தம் வந்துவிடும், ஆட்டம் பிறகுதான் வரும். (இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் லொடக்கென்றால் அது பெரும்பாலும் ஸ்டீயரிங் ராடு முனை.)

மாற்றுகிற வேலையை வீட்டில் செய்யவில்லை. இந்த வண்டியில் பேரிங் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) அழுத்திப் பொருத்தியது, அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்க அண்ணன் விட்டார். புதுப் பேரிங்கை நக்கிளில் இறக்கும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழும்படி சரியான அளவில் ஒரு வளையத்தைத் தேடி வைத்தார். உள் வளையத்தில் அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிடும்; புதுப் பேரிங்கே முனக ஆரம்பிக்கும். கழற்றிய பழைய பேரிங்கை வாங்கி வந்து கிரீஸைத் துடைத்துப் பார்த்தேன். பளபளப்பான பாதையில் ஒரு இடத்தில் மட்டும் அம்மைத் தழும்பாகக் குழிகள், நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. இவ்வளவு சின்னக் குழி அத்தனை பெரிய சத்தம் போட்டிருக்கிறது. முனகல் போய்விட்டது.

சின்னச் சத்தங்கள் சில. மெதுவாகப் போகும்போது ‘டிக் டிக்’ என்று சீராக ஒன்று. போனில் பதிவு செய்து எண்ணினேன்: 20 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு மூன்று. என் டயர் 155/80 ஆர்13, சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். 20-ல் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுதான் சுற்றும். அப்படியென்றால் சுற்றுக்கு ஒரு தட்டு. டயர் காடியில் ஜல்லி சிக்கியிருந்தது, ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். ஆணியாக இருந்தால் பிடுங்காமல் நேரே பஞ்சர் கடைக்குப் போய்விட வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கிளம்பும்போது மட்டும் ‘டக் டக் டக்’ வந்தால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். என் வண்டியில் அது வரவில்லை, ஆனால் அந்த ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து ரிம்மின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது. பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றியாயிற்று. தட்ட ஆரம்பித்த பிறகு என்றால் ஜாயின்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் வீலென்று அலறுவது பெல்ட். ஏசி போட்டால் இன்னும் கூடும். இதற்கு ஒரு அருமையான சோதனை உண்டு: இன்ஜின் ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் காடிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது. சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. சற்று நேரம் அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் புல்லி நேர்கோட்டில் இல்லை. எனக்குக் கூடியது. டென்ஷன் வைத்ததும் அடங்கிவிட்டது. இதைச் செய்யும்போது துண்டு, தொங்குகிற சட்டைக் கை எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

குன்னூர் மலைப் பாதையில் கல்லாறு தாண்டி ஏறும்போது, மேல் கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கிடுகிடுவென்று இன்ஜினில் ஒரு சத்தம். கியரைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. இது நாக்கிங்: சிலிண்டருக்குள் மீதியிருக்கும் கலவை தீ வந்து சேருமுன்னே தானாகப் பற்றிக்கொள்வது. அப்படியே அழுத்தி ஓட்டினால் பிஸ்டனுக்குக் கேடு. இப்போதைக்குக் கீழ் கியரில் ஏறுகிறேன், ஸ்பார்க் பிளக் பார்க்க வேண்டும்.

பிரேக் சத்தத்தில் மட்டும் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். கீச்சென்றால் உடனே பிரேக் பேடு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) பார்க்க வேண்டும். இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

இன்னும் பிடிபடாதது ஒன்று. மோசமான ரோட்டில் 20–30 வேகத்தில் முன்னால் இடது பக்கம் லொட லொட. பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டினேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் அது ஆடுவதாக இருந்தால் அப்போது அடங்கியிருக்கும். அடங்கவில்லை. ஜன்னலை இறக்கி, காம்பவுண்டு சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டியதில் சக்கரத்துப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது; சுவர் சத்தத்தைத் திருப்பித் தருவதால் இது நல்ல வழி. ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு) மேல் சந்தேகம். அடுத்த ஞாயிறு இடது லிங்க்கைக் கழற்றிப் பந்து மூட்டைக் கையால் ஆட்டிப் பார்ப்பேன். அது இறுக்கமாக இருந்தால், அடுத்தது ஸ்டிரட் மவுண்ட், அதாவது ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பாடியோடு பிடிக்கும் ரப்பர் தாங்கி.