ஓரம் வரை பார்த்தார்களா?

மைனஸ் 6-க்கு மேல் பவர் உள்ளவர்கள் கண் பரிசோதனைக்குப் போனால் முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள், பிறகு கண்ணாடிச் சீட்டு எழுதித் தருவார்கள். அதோடு எழுந்து வந்துவிட்டால் விழித்திரையை (ரெட்டினா) யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பவர் கூடிய கண் பெரும்பாலும் நீளமான கண். முன்னிருந்து பின்வரை சாதாரணமாக 23, 24 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, இவர்களுக்கு 26-ஐத் தாண்டியிருக்கும். உள்ளே படிந்திருக்கும் விழித்திரையும் சேர்ந்து இழுபட்டு ஓரங்களில் மெலிந்துபோகிறது. ஓட்டையும் கிழிசலும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் விழும். வலிக்காது; ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. லேசிக் செய்துகொண்டவர்களும் இதில் சேர்த்திதான். கருவிழியைச் செதுக்கியதால் கண்ணின் நீளம் குறைந்துவிடுவதில்லை. அவர்கள் முகத்தில் கண்ணாடி இல்லை என்பதால் பழைய பவரைக் கேட்கவும் யாருக்கும் தோன்றாது. நாமாகவே சொல்லிவிட வேண்டும்.

நேரம் கேட்கும்போதே "மைனஸ் 8 பவர், சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவை ஓரம் வரை பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, மூன்று மணி நேரத்தை ஒதுக்குங்கள். மருந்து கண்மணியை விரித்துப் பார்வையை மங்கலாக்குவதால் திரும்பும்போது வண்டி ஓட்ட முடியாது. காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அதன் டப்பாவையும் கண்ணாடியையும் எடுத்துப் போக வேண்டும். சொட்டு மருந்துக்கு முன் லென்ஸைக் கழற்றியாக வேண்டும், அன்று முழுவதும் மறுபடி போடாமல் இருப்பது நல்லது. வெயிலுக்குக் கூலிங் கிளாஸ் கொண்டுபோகச் சொல்வார்கள். இந்த அறிவுரை நமக்கு அப்படியே பொருந்தாது. பவர் இல்லாத கூலிங் கிளாஸைப் போட்டால் படிக்கட்டே தெரியாது. பவர் கண்ணாடிமேல் மாட்டும் கிளிப் வகையோ, அதையும் சேர்த்து மூடும் பெரிய கறுப்புக் கண்ணாடியோதான் உதவும்.

வரிசை முக்கியம். பவர், கண் அழுத்தம், தேவைப்பட்டால் பார்வைப் பரப்புச் சோதனை எல்லாம் சொட்டு மருந்துக்கு முன்பே முடிய வேண்டும். கண்மணி விரிந்த பிறகு எடுத்தால் அளவுகள் மாறக்கூடும். கிட்டப்பார்வை அதிகமானவர்களுக்குக் கிளாக்கோமா என்னும் கண் நரம்பு நோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் அழுத்தத்தை விட்டுவிடக் கூடாது. லேசிக் செய்த கண்ணில் கருவிழி மெலிந்திருப்பதால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதையும் நினைவூட்டுங்கள்.

மருந்து பெரும்பாலும் ட்ராபிகமைடு, சில சமயம் பினைல்எஃப்ரினும் சேர்ந்தது. ரத்தக் கொதிப்போ இதயக் கோளாறோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டியது இந்த இரண்டாவது மருந்துக்காகத்தான். விட்டதும் எரியும். கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் தொண்டையில் இறங்கும் கசப்பு குறையும், மருந்து உடம்பில் கலப்பதும் குறையும். கண்மணி விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மெதுவாக விரியலாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை விட்டாலும் பதற வேண்டியதில்லை. அரைகுறையாக விரிந்த கண்ணில் ஓரம் தெரியாது. காத்திருக்கையில் கண்ணாடி வழியே கைபேசி மங்கலாகத்தான் தெரியும். கழற்றிவிட்டு மூக்கருகே கொண்டுவந்தால் ஓரளவு படிக்கலாம்: மைனஸ் 8 கண்ணுக்கு அந்தத் தூரம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நம் பவரால் கிடைக்கும் சலுகை அநேகமாக இது ஒன்றுதான்.

பிறகு மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்துப் பார்ப்பார். மேலே, மேல் வலது, வலது, கீழ் வலது என்று சுற்றிப் பார்க்கச் சொல்வார். பலரும் கண்ணுக்குப் பதில் தலையைத் திருப்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் வெளிச்சம் தாங்காமல் இரண்டு கண்ணையும் இறுக்கிக்கொள்கிறார்கள். மற்றக் கண்ணைத் திறந்தே வையுங்கள். எங்கே பார்ப்பது என்று குழம்பினால், கையை அந்தத் திசையில் நீட்டிக் கட்டைவிரலை நோக்குங்கள். விரல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கண் அந்தப் பக்கம் போய்விடும். ஓரத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்க இமைமேல் ஒரு சிறு கருவியை வைத்து அழுத்துவதுண்டு. அழுத்தம் சங்கடமாக இருக்கும், ஆனால் சோதனை முழுமையாக நடக்கிறது என்பதற்கு நல்ல அடையாளமும் அதுதான். முடிந்ததும் சில நிமிடங்களுக்கு எல்லாம் இருண்டு, இளஞ்சிவப்பாகத் தெரியும்.

"போட்டோ எடுத்தாச்சு, நார்மல்" என்ற பதிலில் திருப்தி அடைய வேண்டாம். சாதாரண விழித்திரைக் கேமரா சுமார் 45 டிகிரி அளவுக்குப் பின்புறத்தைத்தான் படம் பிடிக்கும். 200 டிகிரி எடுக்கும் அகலக் கேமராவிலும் மேலும் கீழும் இமையும் முடியும் மறைத்துவிடும். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கப் படம் அருமையான ஆவணம். ஓரத்தைத் தேடிப் பார்க்கும் வேலைக்கு அது மாற்று ஆகாது.

விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன், அதன் நடுப்பகுதியான மாக்குலாவுக்கு. நீளமான கண்ணில் அங்கே புது ரத்தக் குழாய் முளைப்பதையும் அடுக்குகள் பிரிவதையும் அது காட்டும். ஆனால் அதே கருவியில் எடுக்கும் நரம்பு அடுக்கு அறிக்கையில் சிவப்பு நிறம் வந்தால் உடனே கலங்கக் கூடாது. கருவி ஒப்பிடுவது பெரும்பாலும் சராசரிக் கண்களோடு. இழுபட்ட கண் அந்தக் கணக்கில் நோய் போலத் தெரியலாம். பழைய ஸ்கேனோடு வைத்துப் பார்த்தால்தான் தெளிவு கிடைக்கும்.

சீட்டில் "லாட்டிஸ்" (விழித்திரை ஓரத்தில் மெலிந்த திட்டு) என்று எழுதியிருந்தால் உடனே லேசர் என்று பொருளல்ல. அறிகுறி இல்லாத லாட்டிஸைப் பெரும்பாலும் கவனித்துக்கொண்டே வருவார்கள். மற்றக் கண்ணில் விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்து விலகியிருந்தால் முடிவு மாறலாம். பளிச்சிடலோடு வரும் லாட வடிவக் கிழிசலுக்குத் தாமதம் கூடாது. லேசர் போட்ட இடம் ஒட்டி இறுக இரண்டு வாரம் ஆகலாம். வேறிடத்தில் புதுக் கிழிசல் வருவதை அது தடுக்காது. எந்தக் கண்ணில், கடிகாரத்தின் எத்தனை மணி நிலையில் என்ன இருக்கிறது என்று படம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவருக்கு அந்தக் கோட்டோவியம் பத்து வரி விளக்கத்தைவிட உதவும்.

மருந்தின் மங்கல் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம், சிலருக்கு மறுநாள் காலைவரை. அதற்குள் கடும் கண்வலி, விளக்கைச் சுற்றி வளையம், குமட்டல் வந்தால் திரும்பிப் போய்விட வேண்டும். கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம்.

பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஓரத்தில் ஏதாவது இருந்தால் மருத்துவர் இடைவெளியைக் குறைப்பார். திடீரென மின்னல் கீற்று, புதிதாகக் கரித்தூள் தூவினாற்போல் புள்ளிகள், ஒரு பக்கம் திரை விழுவது, இவற்றில் எது வந்தாலும் ஆண்டுக் கணக்குச் செல்லாது, அன்றே போக வேண்டும். அன்று கிழிசல் இல்லை என்று சொன்னாலும் சில வாரங்களில் மறுபடி வரச் சொல்வார்கள். உள்ளிருக்கும் ஜெல் விலகும்போது கிழிசல் பிந்தியும் விழலாம். போனில் "கண்ணில் பூச்சி பறக்குது" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரத்துக்கு நேரம் கொடுத்துவிடலாம். பவர் எவ்வளவு, எந்தக் கண், எத்தனை மணிக்குத் தொடங்கியது, திரை தெரிகிறதா என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.