சொன்ன பேச்சுக் கேட்காத தொடை

ஒரு பின்னேரம் ஊர்க் கழக உதைபந்தாட்டத்தில் பந்தோடு திரும்பும்போது முழங்காலுக்குள் 'டக்' என்றது. யாரும் என்னை இடிக்கவில்லை. இருட்டுவதற்குள் முழங்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. வீட்டில் எண்ணெய் போட்டு உருவச் சொன்னார்கள். ஸ்கானில், கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமல் முழங்காலுக்குள் பிடித்து வைக்கிற ஏ.சி.எல் சவ்வு முழுதாக அறுந்திருந்தது. இரண்டு மாதம் கழித்து, பின் தொடைத் தசைநாணில் கொஞ்சம் எடுத்துப் புதுச் சவ்வு வைத்தார்கள். சத்திரசிகிச்சைக் கதையை நீட்டவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் இயன்மருத்துவர் அக்கா துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, "தம்பி, இதை அமத்துங்கோ" என்றார். முழுப் பலத்தையும் போட்டேன். முன் தொடை அசையவே இல்லை. பயந்துபோனேன்.

"பெலன் போகேல்லைத் தம்பி. முழங்காலுக்குள்ள நீர் நிக்குது. அந்தச் செய்தி நரம்பு வழியா முள்ளந்தண்டுக்குப் போக, அது தசையை வேலை செய்ய விடாமல் பிடிச்சு வைக்குது."

அந்த ஒரு விளக்கம் எனக்குப் பெரிய ஆறுதல். தசையை வருத்துவதற்கு முன் வீக்கத்தை இறக்க வேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. ஐஸ் வைத்தேன், காலை உயர்த்திப் படுத்தேன். தொடையில் மின்தூண்டல் பட்டைகளை ஒட்டி, அது இழுக்கும் நேரத்தில் நானும் சேர்ந்து இறுக்கினேன். முழங்கால் சில்லுக்கு மேலே, உட்பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒன்பதாம் நாள் விரலுக்கடியில் சின்னத் துடிப்பு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் அதற்குள் தொடை மெலிந்துவிட்டது. நாடாவால் அளந்தால் மற்றக் காலைவிட 3 சென்ரிமீற்றர் குறைவு.

ஆறாம் மாதம் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுப் பக்கம் சைக்கிள் ஓடத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் இல்லை, எதிர்க்காற்றுத்தான் எங்களுக்கு ஏற்றம். போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து இறங்கினால் கால் நடுங்கும், வாசற்படியில் முழங்கால் உள்ளே சாயும்.

எட்டாம் மாதம் ஒற்றைக் காலில் பாய்ந்து பார்த்ததில், காயப்பட்ட கால் மற்றதன் தூரத்தில் 93 சதவீதம் போனது. 90 தாண்டினால் நல்லது என்பார்கள். சரி, இனி விளையாடலாம் என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. மூச்சு வாங்கும்வரை படி ஏறி இறங்கவைத்து, திரும்பப் பாயச் சொல்லி ஃபோனில் படம் எடுத்தார். தரையில் ஊன்றும்போது முழங்கால் உள்ளே மடிவதை நானே பார்த்தேன்.

"மச்சில கடைசிப் பத்து நிமிசம் இப்பிடித்தான் கால் ஊண்டுவியள்."

கீழ்க்கால் எலும்பு முன்னே வழுக்காமல் பிடிப்பதில் பின் தொடைக்கும் பங்கு உண்டு. எனக்கோ அங்கிருந்துதான் நாணை எடுத்திருந்தார்கள். ஆகவே பின் தொடைக்குத் தனிப் பயிற்சி சேர்ந்தது. களைத்த பிறகும் முழங்காலை நேராக வைத்து ஊன்றப் பழகினேன். சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பது மாதம் ஆகுமுன் களத்தில் இறங்குகிறவர்களுக்குத் திரும்பவும் அறுகிற ஆபத்துக் கூடுதல் என்பதையும் அக்காதான் சொன்னார். தம்பிமாரே, நோவு போனதும் ஓடிவிடாதீர்கள், களைத்த காலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது பதினொராம் மாதம். நாடாவில் வித்தியாசம் 1 சென்ரிமீற்றர். போன கிழமை களைத்த பிறகு எடுத்த படத்தில் முழங்கால் நேராக நின்றது. அடுத்த மாதம் 20 நிமிடம் இறங்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.