வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேற்குச் சுவரில்

எருசலேம் போகும் நம் சபை மக்களுக்கு முதலில் ஒன்று: யூதர்கள் ஜெபிக்கும் பழைய ஆலய மதிலான மேற்குச் சுவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்கள். டூர் பஸ்ஸில் உச்சிவெயிலில் இறக்கிவிட்டு, போட்டோ எடுத்ததும் ஏற்றிக்கொண்டு போவது அந்த இடத்துக்குச் செய்யும் அநியாயம்.

நான் போன அன்று காலையில் வயிற்றெரிச்சல்தான். ஒலிவ மலைக்கு ஏற்றிக்கொண்ட டாக்சிக்காரர் மீட்டர் போடவே மாட்டேன் என்றார். மீட்டர் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். நூறு ஷேக்கல்! நம் காசுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். அந்தத் தூரத்துக்குப் பழைய நகரத்தின் தமஸ்கு வாசல் பக்கத்திலிருந்து பஸ்ஸே போகிறது, சில்லறைக் காசுதான். மேலே கர்த்தருடைய ஜெபம் பல மொழிகளில் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழ்ப் பலகையைப் பார்த்ததும்தான் கோபம் அடங்கியது. அங்கிருந்து கெத்செமனேக்கு நடந்தே இறங்கலாம், செலவே இல்லை. மூன்று மணிக்குப் பிரான்சிஸ்கன் துறவிகளோடு சிலுவைப்பாதை, அப்புறம் கல்லறை ஆலயத்தில் நீண்ட வரிசை.

பொழுது சாயும் முன், வெள்ளி சாயங்காலம் தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாளுக்கான சைரன் ஊதியது. மேற்குச் சுவர் வளாகத்தில் பாதுகாப்புச் சோதனை உண்டு, கட்டணம் இல்லை. பெண்கள் பகுதி ஆண்கள் பகுதியைவிட ரொம்பச் சின்னது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நெருக்கியடித்துச் சுவர்வரை போனேன். கீழ்வரிசைக் கற்கள் ஏரோது தொடங்கிய கட்டுமானம். கி.பி. 70இல் யூதர்களின் ஆலயம் இடிந்தும், அது இருந்த மலையைத் தாங்கிய இந்த மதில் நின்றுவிட்டது. ஒவ்வொரு கல்லின் ஓரத்திலும் நாலைந்து விரல் அகலத்துக்குச் செதுக்கிய பட்டை. கை எட்டும் உயரத்தில் கல் வழுவழுவென்று எண்ணெய் தடவியதுபோல் இருந்தது.

பக்கத்தில் ஒரு பாட்டி புத்தகத்தை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு முணுமுணுத்தார். என்ன ஜெபம் என்று ஒரு இளம்பெண்ணிடம் கேட்டேன். சங்கீதம் 95 என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதம்! 99 வரை வரிசையாகச் சொல்லி, அப்புறம் 29ஆம் சங்கீதமாம். நான் தமிழில் சேர்ந்து சொன்னேன். யாரும் முறைக்கவில்லை.

பிறகு ஓய்வுநாளை மணமகளாக வரவேற்கும் பாட்டு. 16ஆம் நூற்றாண்டில் எழுதியது. கடைசிச் சரணத்தில் எல்லாரும் திரும்பி நின்று தலைவணங்கினார்கள். நடுத்தடுப்புக்கு அந்தப்பக்கம் பையன்கள் தோளில் கைபோட்டு ஆட, இந்தப்பக்கம் பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி எட்டிப்பார்த்தார்கள். இளம்பெண்களும் வட்டமாகக் கைகோத்து ஆடினார்கள். நம் ஆராதனையில் இந்தச் சந்தோஷம் எங்கே போனது?

ஒரு வேண்டுகோள்: ஓய்வுநாளில் அங்கே போனை எடுக்காதீர்கள். சுவர் இடுக்கில் செருகும் விண்ணப்பச் சீட்டு எழுதுவதும் கூடாது. பலகை வைத்திருந்தும் சிலர் செல்ஃபி எடுத்து, காவலாளி வந்து தடுக்க வேண்டியிருந்தது. எனக்கே அவமானமாக இருந்தது.

திரும்பும்போது டிராம் கிடையாது, நகரப் பஸ்ஸும் கிடையாது. அதனால் பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே ரூம் போடுங்கள். மேற்கு எருசலேமில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தமஸ்கு வாசல் பக்கம் திறந்திருக்கும். அங்கே சூடான ரொட்டி, ஆலிவ் எண்ணெய் மிதக்கும் ஹம்மஸ், பச்சை வெங்காயம், ஊறுகாய். டாக்சிக்குக் கொடுத்த காசில் அப்படி இரண்டு மூன்று வேளை சாப்பிட்டிருக்கலாம்.