அவனிட்ட கேட்டாங்களா

2025 பெப்ரவரி 2, ஞாயிறு

காலம்பர பத்தே முக்கால் இரிக்கும். ஆஸ்பத்திரில அப்பாட வாட்டுக்கு வெளிய வாங்குல குந்திக்கொண்டு இரிக்கன், தம்பி கட்டார்ல இருந்து எடுக்கான். இந்த நேரம் அவனுக்கு வேலை, எடுக்கவே மாட்டான். அப்பாட ரிப்போட்டத்தான் கேக்கப் போறான் எண்டு பயந்து பயந்து எடுத்தா ஒரே கத்தல், "அண்ணா, லூக்கா எங்களுக்கு!"

அமெரிக்க NBA பாஸ்கட்போல்ல என்ட டீம் டலஸில இருந்து லூக்கா டொன்சிச் தம்பிட டீம் லேக்கர்ஸுக்கு, அங்க இருந்த அந்தோனி டேவிஸ் டலஸுக்கு. கூட மெக்ஸ் கிறிஸ்டி, 2029 முதல் ரவுண்ட் பிக் ஒண்டு, புதுப் பெடியன் ஒருத்தன எடுக்கிற உரிமை. 25 வயசுப் பெடியனக் குடுத்திட்டு 31 வயசு ஆள எடுத்திரிக்காங்க. நியூஸ் போட்டவன்ட எக்கவுண்ட ஆரோ ஹெக் பண்ணிட்டாங்க எண்டுதான் நினைச்சன். போன வருசம் ஃபைனலுக்குக் கொண்டு போனவன் கா.

அப்பாட்ட சொல்லல்ல.

பெப்ரவரி 3

சொல்லிட்டன். மத்தியானம் கரியரத் திறக்கக்குள்ள வாய்ல வந்திட்டு. அப்பாட வலது கை ஆள்காட்டி விரல் மேல் கணுவுல வளைஞ்சு நிக்கும், பள்ளிக்கூடத்தில விளையாடக்குள்ள பந்து நேரா வந்து அடிச்சது, நிமித்தாமலே விட்டிட்டார். அந்த விரலால கரியர் மூடியத் தட்டித் தட்டி கொஞ்ச நேரம் இருந்தார். மறுகா கேட்டார்.

"அவனிட்ட கேட்டாங்களா?"

"இல்லப்பா, அவனுக்கே தெரியாதாம்."

அதுக்குப் பிறகு சாப்பிடல்ல. புட்டு பாதி அப்படியே கிடந்திச்சு.

ராவு தம்பியோட ஒரு மணி வரைக்கும் மல்லுக்கட்டு. டேவிஸ் சும்மா ஆளில்ல, 2020ல உங்களுக்கு கப் எடுத்துத் தந்தவன், அவன் ரிங்குக்குக் கீழ நிண்டா எவனும் உள்ள வர யோசிப்பான், கெஃபர்ட் லைவ்லி எண்டு உயரமான பெடியனுகளும் இரிக்காங்க, போன வருசம் பொஸ்டனோட 4-1ல தோத்தது டிபென்ஸ் இல்லாமத்தான், மனேஜர் ஹரிசனும் அதத்தானே சொல்லுறான் எண்டு நான் அடுக்கிக்கொண்டே போறன், சொல்லச் சொல்ல எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வருது. தம்பி பொறுமையாக் கேட்டுட்டுச் சொல்லுறான், "சரி அண்ணா, பந்தக் கொண்டு போறது ஆரு? கைரி ஒருத்தன். அவனுக்கும் 32. அவனுக்கு ஒண்டு நடந்தா?"

நடக்காது எண்டு சொன்னன். ஏன் அவ்வளவு சத்தமாச் சொன்னனோ தெரியா, அம்மா எழும்பி வந்திட்டா.

பெப்ரவரி 4

லீவு நாள். ரிப்போட் இல்ல.

பெப்ரவரி 6

தம்பிக்கு இண்டைக்கும் கொண்டாட்டம். ஷார்லட்ல இருந்து மார்க் வில்லியம்ஸ எடுத்திட்டாங்களாம், ஏழடி சென்டர். டால்டன் கெனெக்ட், கேம் ரெடிஷ், 2031 பிக் எல்லாம் போகுது. டேவிஸ் விட்டுட்டுப் போன ஓட்டைய அடைச்சாச்சு எண்டுறான். எனக்கு வயித்தெரிச்சல்தான், மறைக்கத் தேவையில்ல.

அப்பா திருப்பியும் கேட்டார், லூக்கா வீடு வாங்கினவனோ டலஸில எண்டு. என்னத்துக்கு இதெல்லாம் கேக்காரோ.

பெப்ரவரி 7

ரிப்போட் வந்திட்டு. டொக்டர் என்னை மட்டும் கூப்பிட்டுத்தான் சொன்னார். தம்பிக்குச் சொன்னன். அம்மாக்குச் சொல்லல்ல.

பெப்ரவரி 9, ஞாயிறு

நடுச்சாமத்தில எழும்பி மெச் பாத்தன். டேவிஸ்ட முதல் ஆட்டம் எங்களுக்கு. 26 பொயிண்ட்ஸ், 16 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், 3 புளொக்! மூண்டாவது குவாட்டர் முடியமுதலே இதெல்லாம். இருட்டுல தனியக் குந்திக்கொண்டு கை தட்டினன், ஹரிசன் சரியாத்தான் செஞ்சிரிக்கான், நாங்கதான் கண்ணீர் விட்டு கூத்தாடிட்டம் எண்டெல்லாம் தம்பிக்கு மெசேஜ் போட்டன். அடுத்த நிமிசம் டேவிஸ் கால் கவட்டுக்குள்ள கையப் புடிச்சுக்கொண்டு உள்ள நடந்து போறான். திருப்பி வரல்ல. ஹூஸ்டன 116-105ல வெண்டம், ஆனா என்ன.

விடிய அடுத்த நியூஸ். வில்லியம்ஸ்ட மெடிக்கல் சரி வரல்லையாம், ட்ரேட் கேன்சல். பெடியன் திருப்பி ஷார்லட்டுக்கே. ரெண்டு நாளைக்கு முதல் பேக் கட்டினவன், ஒரு ரிப்போட்டால திரும்பிப் போகணும். தம்பி கத்துவான் எண்டு பாத்தன், கத்தல்ல. "பாவம் அண்ணா அவன்" எண்டு மட்டும் சொன்னான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கல்ல.

அதோட நாடு முழுக்க கரண்ட் போச்சு. வாட்டுல ஃபேன் நிண்டு புழுங்கி எடுக்குது. விசிறுறதுக்குக் கைல ஒண்டுமில்ல, ரிப்போட் இருந்த பெரிய பழுப்பு என்வலப்தான் இருந்திச்சு. அதாலயே அப்பாக்கு விசிறினன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல. அவர் கண்ண மூடிக்கொண்டு பழசெல்லாம் கதைச்சார். அமெரிக்கக் கத்தோலிக்க சுவாமிமார் வந்துதான் இந்த ஊருக்கு பாஸ்கட்போல் வந்தது, வெபர் மைதானம் எண்டு பேர் வெச்சதே அவங்கள்ல வெபர் எண்ட சுவாமியாலதான், புனித மிக்கேல் கல்லூரி கோர்ட்டில பொழுது படுற வரைக்கும் ஃப்ரீ த்ரோ போடுவாங்களாம். மறுகா அந்தச் சுவாமிமார்ல இன்னொருத்தர், ஹெபியர் பாதர். 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனைல இருந்து ஒரு பெடியனயும் ஏத்திக்கொண்டு ஸ்கூட்டர்ல வெளிக்கிட்டவர், மட்டக்களப்புக்கு வந்து சேரல்ல. இண்டைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் இல்ல. அப்பாக்கு அப்ப 27 வயசு. பாதர் வந்தாரா வந்தாரா எண்டு ஒவ்வொரு நாளும் போய்க் கேப்பாராம்.

"போறவனுக்கும் தெரியல்ல, இரிக்கிறவனுக்கும் தெரியல்ல" எண்டார்.

நான் விசிறிக்கொண்டே இருந்தன்.

பெப்ரவரி 11

லூக்கா மஞ்சள் ஜேர்சில. 77 அதே நம்பர். 14 பொயிண்ட்ஸ்தான், ஜாஸ் டீமோட 132-113ல லேக்கர்ஸ் வெண்டிட்டு. மூடி வெச்சிட்டன் போன, பாக்க ஏலாமப் போச்சு.

பெப்ரவரி 14

அப்பா வீட்ட வந்திட்டார். கல்லடிப் பாலம் வரக்குள்ள ஓட்டோவ மெதுவா விடச் சொன்னார், வாவியப் பாத்துக்கொண்டே வந்தார். என்வலப்ப அலுமாரி மேல்தட்டுல சீலைக்குக் கீழ வெச்சிரிக்கன்.

பெப்ரவரி 26

சிவராத்திரி. அம்மா கோயிலுக்கு ஆயத்தம். காலம்பர எங்களுக்கும் லேக்கர்ஸுக்கும் மெச், லூக்கா 19 பொயிண்ட்ஸ், 15 ரீபவுண்ட், 12 அசிஸ்ட். 107-99 தோல்வி. டேவிஸ் இல்ல, இன்னும் காயம்.

தம்பி கொழும்புக்குக் கொண்டு போகச் சொல்லி ஒவ்வொரு நாளும் நிக்கான், காசு அனுப்புறானாம், ஒரு டொக்டரோட கதைச்சும் வெச்சிட்டானாம், வெள்ளிக்கிழமை கொண்டு போ எண்டுறான். இஞ்சயும் பாக்கலாம், ஊர விட்டு வந்தா அவர் ஒடைஞ்சிருவார் எண்டு நான். ட்ரேட்டுக்கு வாதாடின மாதிரியே ரெண்டு பேரும் பொயிண்ட் பொயிண்டா வாதாடுறம். நடு ஹோல்ல அப்பா கதிரைல இரிக்கார், நான் கிணத்தடிக்குப் போய் ரகசியமாக் கதைக்கன்.

மார்ச் 4

கைரிக்கு முழங்கால். சக்ரமெண்டோவோட. விழுந்த காலோட நிண்டு ரெண்டு ஃப்ரீ த்ரோ போட்டான் கா, கண்ணால தண்ணி ஓட ஓட, ரெண்டும் உள்ள. அதோட உள்ள போயிட்டான். அப்பா என் போனத் தன்ட கைல வாங்கி அந்த ரெண்டு த்ரோவையும் நாலு தரம் பாத்தார். "மணிக்கட்டப் பாரு, ஆடல்ல."

மார்ச் 5

ஏ.சி.எல்., முழங்கால் தசைநார் கிழிஞ்சிட்டு. கைரிக்கு சீசன் முடிஞ்சுது. தம்பி ஒண்டும் சொல்லல்ல, அண்டைக்கு அவன் சொன்னதையும் ஞாபகப்படுத்தல்ல. நல்ல பெடியன்.

மார்ச் 19

சாப்பாடு குறைஞ்சிட்டு. கஞ்சி மட்டும்.

ஏப்ரல் 10

அஞ்சு மணிக்கு எழும்பக்குள்ள அப்பா ஏற்கனவே எழும்பி ஹோல்ல குந்திக்கொண்டு இரிக்கார், போர்வையும் போத்திக்கொண்டு. லூக்கா டலஸுக்கு வாற நாள் எண்டு கணக்கு வெச்சிருந்திருக்கார்.

மெச் துவங்க முதல் அவனப் பத்தி வீடியோ போட்டாங்க. பெஞ்சில இருந்து பாத்துக்கொண்டிருந்தவன் துவாயால கண்ணத் துடைக்கத் துவங்கிட்டான். துடைக்கத் துடைக்க நிக்கல்ல. எதிர் டீம் ஜேர்சி போட்டவனுக்கு முழு அரங்கமும் எழும்பி நிக்குது. மறுகா விளையாடினான் பாருங்க, பாதி நேரத்துக்குள்ளயே 31, மொத்தம் 45. 112-97, தோத்தது நாங்க. ட்ரேட்டால டீம் கூடிச்சா குறைஞ்சுதா எண்டு இனி ஆரோடயும் நான் கதைக்க மாட்டன். இவன அனுப்பியிருக்கக் கூடாது. டேவிஸ் நல்லவன், நல்லா விளையாடுவான், அவன்ல ஒரு குறையுமில்ல. ஆனா இவனிட்ட ஒரு வார்த்தை கேட்டிரிக்கணும்.

அப்பா போன நிப்பாட்டச் சொன்னார்.

"அலுமாரி மேல்தட்டுல என்ட கவர் இரிக்கு. எனக்குத் தெரியும் மனே. நான் திறக்கல்ல. நீ சொல்லு."

எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில குந்தி எல்லாத்தையும் சொன்னன். கொழும்பையும் சொன்னன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார், அம்மாக்குத் தெரியுமா எண்டு. இல்ல எண்டன். "அவவுக்கு நான் சொல்லுறன்" எண்டுட்டு அடுப்படிப் பக்கம் மெல்ல எழும்பிப் போனார். நான் தூக்கிவிடக் கை நீட்டினன், வேணாம் எண்டுட்டார்.

ஏப்ரல் 12

சித்திரை வருசம் முடியட்டும், கொழும்புக்குப் போவம் எண்டு அவரே சொன்னார். 17ஆம் தேதி உதயதேவி ரயில். மூண்டு டிக்கெட், அப்பாக்கு ஜன்னல் பக்கம் கேட்டு எடுத்தன். தம்பியும் லீவு கேட்டிரிக்கானாம்.